இலைப்பேனும் மெராந்தியும்: எஸ். அப்பண்ணாவின் ஆய்வுக்கு ஒரு மதிப்பீடு

ஜொகூரின் லாயாங் லாயாங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். ஆண் பூங்குலை மலர்ந்திருக்கும் மரத்தின் கிட்டப் போனால் சோம்பு வாசனை அடிக்கும். அந்தக் குலையை ஒரு வெள்ளைத்தாளின் மேல் தட்டிப் பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள கூன்வண்டுகள் பொலபொலவென்று விழும், உடம்பெல்லாம் பூந்தூள் ஒட்டியிருக்கும். இவற்றின் பூர்வீகம் கேமரூன். 1981 பிப்ரவரியில், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்தில்தான் மலேசியாவிலேயே முதன்முதலாக அவற்றைத் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்னால் பல தோட்டங்களில் கூலிக்கு ஆள் வைத்துப் பெண் பூக்களில் கையால் பூந்தூள் தூவினார்கள். வண்டு வந்தது, அந்த வேலை போனது, குலைகளில் காய்பிடிப்பு ஏறியது. பூவுக்குப் பூ தூள் சுமப்பது யார் என்ற கேள்விக்கு இந்த மண்ணில் பணமதிப்பு உண்டு என்பதை எந்தத் தோட்ட மேலாளரும் சொல்வார்.

அதே 1981இல் ‘மலேசியன் ஃபாரஸ்டர்’ இதழில் இன்னொரு சின்னப் பூச்சியைப் பற்றிய கட்டுரை ஒன்று வெளியானது. எழுதியவர்கள் எஸ். அப்பண்ணாவும் எச். டி. சானும். நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டின் மெராந்தி மரங்களுக்கு மகரந்தம் சுமப்பது தேனீயும் அல்ல, வண்டும் அல்ல, இலைப்பேன்தான் என்றது அந்தக் கட்டுரை. மிளகாய்ச் செடியிலும் நெற்பயிரிலும் மருந்தடித்துக் கொல்கிறோமே, அதே குடும்பத்துப் பூச்சி. ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் உடம்பு, சிறகு என்ற பெயரில் மயிர் விளிம்பு கட்டிய இரண்டு ஜோடிக் குச்சிகள். நாற்பது ஐம்பது மீட்டர் உயர்ந்து நிற்கும் மரத்தின் சந்ததி இதை நம்பியிருக்கிறது என்றால் யார்தான் உடனே ஒப்புக்கொள்வார்கள்?

அப்பண்ணாவின் பெயரை உலகத் தாவரச் சூழலியல் இன்றும் பெரும்பாலும் இந்த ஒரு கருதுகோளோடு சேர்த்தே உச்சரிக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மழைக்காட்டு மரங்களின் பூச்சிவழி மகரந்தச் சேர்க்கை பற்றி 1979இல் முனைவர் பட்ட ஆய்வேடு தந்தவர் அவர். பிறகு கெப்போங்கில் உள்ள அரசு வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணி, அதன்பின் பாங்காக்கில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வனத்துறைப் பணி. இந்த மூன்று கட்டங்களையும் ஒரே தட்டில் கொட்டி எடை போட்டால் தவறான அளவுதான் கிடைக்கும். அதிகப் புகழ் தேடித்தந்த பகுதி அவருடைய ஆய்வில் உறுதி குறைந்த பகுதி. உறுதியான பகுதி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இதுதான் என் வாதம்.

அந்த ஆய்வுக்கு மூன்று அடுக்குகள். முதலில் இலைப்பேன். தென்கிழக்காசியத் தாழ்நிலக் காடுகளில் மெராந்தி, கெருயிங், கப்பூர் முதலியவை அடங்கிய டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு ஆண்டிலிருந்து பத்து ஆண்டு வரை ஒழுங்கில்லாத இடைவெளி விட்டு, ஒரு வட்டாரமே திரண்டு பூக்கும். தமிழ்நாட்டில் குங்கிலியம் என்றும் வடக்கே சால் என்றும் தெரிந்த மரங்கள் மெராந்திகள் அடங்கும் ஷோரியா பேரினத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் பருவம் பிசகாத ஊரில் வாழும் அவற்றுக்கு இந்தக் குணம் கிடையாது. இப்படித் திரண்டு பூப்பதால் வரும் லாபத்தை 1974இலேயே டேனியல் ஜான்சன் விளக்கிவிட்டார். ஆண்டுக்கணக்கில் பட்டினி போட்டுவிட்டுத் திடீரென்று விதையைக் கொட்டினால், தின்னும் விலங்குகள் வயிறு முட்டத் தின்றாலும் மிச்சம் விழும். இந்த விளக்கம் விதைக்குச் சரி. பூவுக்கு என்ன செய்வது? ஐந்தாறு வருடம் பூவே இல்லாத உச்சியில், ஒரே மாதத்தில் ஒவ்வொரு மரமும் லட்சக்கணக்கில் பூக்கும்போது, அத்தனைக்கும் தூள் சுமக்கும் பூச்சிப்படை எங்கிருந்து முளைக்கும்?

1976இல் பாசோவில் காடு திரண்டு பூத்தபோது சானும் அப்பண்ணாவும் பார்த்தது இது. சிவப்பு மெராந்திகளில் நெருங்கிய உறவுள்ள ஆறு இனங்கள் ஒன்றாகப் பூக்கவில்லை, வரிசை கட்டிப் பூத்தன. மெராந்தி மெலந்தாய் எனப்படும் மேக்ரோப்டெரா முதலில், மெராந்தி தெம்பாகா எனப்படும் லெப்ரோசுலா கடைசியில். பூ மாலையில் விரிகிறது. மறுநாள் காலை இதழ்வட்டம் மொத்தமாகக் கழன்று, உள்ளே இலைப்பேன்களையும் சுமந்துகொண்டு தரையில் விழுகிறது. அன்று மாலை அந்தப் பூச்சிகள் மறுபடி மேலே ஏறிப் புதுப்பூவைத் தேடுகின்றன. இலைப்பேனின் தலைமுறை வாரக் கணக்கில் முடிந்துவிடும். ஆகவே முதல் மரம் பூக்கும்போது சிலவாக இருப்பவை, கடைசி மரம் பூப்பதற்குள் பெரும்படையாகிவிடும். பூப்பது முன்பின்னாக இருந்தாலும் காய்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் முதிர்கின்றன. முன்னால் பூத்த இனம் காயை முற்ற வைக்க அதிக நாள் எடுத்துக்கொள்கிறது. பூச்சியைப் பங்குபோட ஒரு வரிசை, விதைதின்னிகளை ஏமாற்ற ஒரு கூட்டம். இரண்டும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடங்குகின்றன.

அழகான விளக்கம்தான், ஆனால் இந்த அழகே அதற்குப் பாதகமாயிற்று. பாடநூல்களும் பொதுவாசிப்பு நூல்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ‘டிப்டெரோகார்ப் மரங்களுக்கு இலைப்பேன்தான் மகரந்தம் சேர்க்கிறது’ என்று பொதுமைப்படுத்திவிட்டன. அப்பண்ணாவும் சானும் பேசியது ஷோரியாவின் ஒரு பிரிவைப் பற்றி, ஒரு காட்டில் வைத்து. அதே குடும்பத்தில் பெரிய பூ பூக்கும் டிப்டெரோகார்ப்பஸ் மரங்களை நாடி வருபவை வேறு, பெரிய உடம்புப் பூச்சிகள். இந்த எல்லையைத் தாண்டியது வாசகர்கள் செய்த தவறு. அதை ஆசிரியரின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

அவர் கணக்கிலேயே எழுத வேண்டியவையும் உண்டு. முதலாவது சான்றின் தன்மை. குளுவாங்கில் கூன்வண்டைத் திறந்துவிட்டவர்களிடம் ஒரு சோதனை இருந்தது. வண்டு இல்லாத தோட்டம், வண்டு வந்த பிறகு அதே தோட்டம் என்று ஒப்பிட்டுக் காய்பிடிப்பை எண்ணினார்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. பாசோவில் அப்படிச் செய்ய வழியே இல்லை. ஐம்பது மீட்டர் உயரத்தில் இலைப்பேனை மட்டும் நீக்கிவிட்டு மற்றப் பூச்சிகளை அனுமதிக்க யாரால் முடியும்? பூவில் பூச்சி இருந்தது, அதன் உடம்பில் தூள் இருந்தது, அதன் நடமாட்டம் பூ விரியும் நேரத்தோடு பொருந்தியது. வலுவான சந்தர்ப்பச் சாட்சியம்தான், சந்தேகமில்லை. ஆனால் பூவில் இருப்பதும் போதிய அளவு தூள் சேர்ப்பதும் ஒன்றல்ல.

இதைச் செம்பனையே காட்டிக்கொடுத்திருக்கிறது. வண்டு வருவதற்கு முன் தீபகற்பத்துத் தோட்டங்களில் செம்பனைக்கு மகரந்தம் சேர்த்ததில் முக்கியப் பங்கு ஹவாயியன்சிஸ் என்ற இலைப்பேனுக்கு உண்டு என்று ரஹ்மான் சையது 1979இல் எழுதினார். இந்தச் செய்தியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். இலைப்பேனால் ஒரு மரத்துக்குக் காய்பிடிக்க வைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்த இலைப்பேன் இருந்தும் கையால் தூவ ஆள் தேவைப்பட்டது என்பதும், சரியான வண்டு வந்ததும் நிலைமை மாறியது என்பதும் எதிர்ச்சாட்சி. ஏராளமாக இருப்பதை மட்டும் வைத்து ஒரு பூச்சிக்கு முழுப்பெருமையும் கொடுத்துவிடக் கூடாது.

இரண்டாவது, வாதத்துக்குள்ளேயே ஒரு முடிச்சு. பூச்சி பெருகும் வரை காத்திருந்து கடைசியில் பூக்கும் லெப்ரோசுலாவுக்கு லாபம் புரிகிறது. முதலில் பூக்கும் மேக்ரோப்டெராவுக்கு என்ன லாபம்? பூச்சி குறைவாக இருக்கும்போது பூத்து, பிறருக்காகப் பூச்சி வளர்த்துக் கொடுக்கும் இனத்தை இயற்கைத் தேர்வு எப்படி விட்டுவைக்கும்? மொட்டுக் காலத்திலேயே பூச்சி பெருகத் தொடங்கிவிடும் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் கொஞ்சம் தளரும், முழுவதும் அவிழாது. முதலில் பூக்கும் இனத்தின் காய்பிடிப்பு கடைசி இனத்தைவிடக் குறைவா என்று பல பூப்புக்காலங்களில் எண்ணிப் பார்த்திருந்தால், கருதுகோள் ஒன்று உறுதிப்பட்டிருக்கும் அல்லது உடைந்திருக்கும்.

மூன்றாவது, இடம். பாசோ காட்டின் மூன்று பக்கமும் செம்பனை. பூப்புக்கும் பூப்புக்கும் நடுவே இலைப்பேன்கள் அருகிப்போய், பூ வந்ததும் சிறு எண்ணிக்கையிலிருந்து பெருகுகின்றன என்பது இந்தக் கருதுகோளின் அடித்தளம். காட்டை ஒட்டியே ஆண்டு முழுவதும் பூக்கும் தோட்டமும், அதில் இலைப்பேனும் இருந்த அந்த 1970களில், பெருகியவை அத்தனையும் காட்டுக்குள்ளேயே பிறந்தவைதானா? லாயாங் லாயாங் போன்ற ஊரில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு இயல்பாக எழும் கேள்வி இது. இன்று இந்த ஆய்வை மறுபடி செய்யப் போகிறவர் முதலில் இதற்குத்தான் விடை தேட வேண்டும் என்பேன்.

பலமான அடி சரவாக்கிலிருந்து வந்தது. 1996இல் லம்பீர் மலைக்காடு திரண்டு பூத்தபோது, அப்பண்ணா பார்த்த அதே ஆறு இனங்களில் ஒன்றான பார்விஃபோலியாவை ஷோகோ சகாயும் அவர் குழுவினரும் உச்சிக்கே ஏறிப் பார்த்தார்கள். 1999இல் வெளியான முடிவு: அங்கே தூள் சுமந்தவை வண்டுகள். இதழைத் தின்ன வரும் இலைவண்டுகளும் கூன்வண்டுகளும்தான் முக்கியமானவை, இலைப்பேன் அல்ல. இத்தோடு அப்பண்ணாவின் கதை முடிந்தது என்று எழுதியவர்கள் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. ஒரே இனம் தீபகற்பத்தில் ஒரு பூச்சியையும் போர்னியோவில் இன்னொரு பூச்சியையும் நம்பியிருக்கலாம். வேறு ஆண்டு, வேறு அளவுள்ள பூப்பு, வேறு பூச்சிக் கூட்டம். லம்பீர் ஆய்வு பாசோவைப் பொய்யாக்கவில்லை, பாசோவிலிருந்து போர்னியோவுக்கு நீட்டிய கோட்டை வெட்டியது. இருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வண்டுக்காரர்களிடம் சோதனை இருந்தது, இலைப்பேன்காரர்களிடம் கவனிப்பு மட்டுமே இருந்தது. இரண்டும் மோதும்போது சாய்வது எந்தப் பக்கம் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இனி இரண்டாவது அடுக்கான 1988க்கு வருவோம். ‘அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்’ இதழில் பீட்டர் ஆஷ்டன், தாமஸ் கிவ்னிஷ், அப்பண்ணா மூவரும் எழுதிய கட்டுரை காடு திரண்டு பூப்பதைத் தூண்டுவது எது என்று கேட்டது. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஏறத்தாழ இரண்டு டிகிரி இறங்கி, அந்தக் குளிர்ச்சி மூன்று இரவுகளுக்குக் குறையாமல் நீடித்தால் மரம் மொட்டுக் கட்டுகிறது, அத்தகைய இரவுகள் எல் நினோ காலங்களோடு சேர்ந்து வருகின்றன என்பது அவர்கள் விடை. மூன்று பேரில் கடைசிப் பெயருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்கலாம். கட்டுரைத் தலைப்பிலேயே நிற்கும் ‘வரிசைப் பூப்பு’ சானும் அப்பண்ணாவும் பாசோவில் பதிந்த தரவிலிருந்து வந்தது. பரிணாமக் கணக்கு மற்றவர்களுடையதாக இருக்கலாம், கணக்குப் போடக் கிடைத்த சரக்கு இங்கிருந்து போனது. மூன்று ஆண்டுக்கு முன்பே, 1985இல், இந்தப் பெரும் பூப்பைப் பற்றி அப்பண்ணா தனியாக ஒரு கட்டுரை எழுதியிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த விடைக்கும் ஆதாரம் குறைவுதான். சில பூப்புகள், சில வானிலை நிலையங்களின் பதிவேடுகள், அவற்றுக்கிடையே ஓர் ஒத்திசைவு. ஆனால் இலைப்பேன் கதையிலிருந்து இது ஒரு விஷயத்தில் அடியோடு வேறுபடுகிறது. எண்ணைச் சொல்லிவிட்டது. எத்தனை டிகிரி, எத்தனை இரவு என்று சொன்ன பிறகு எவரும் அதைப் பொய்யாக்கிக் காட்டலாம். பலரும் முயன்றார்கள். பாசோவில் பூப்புக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பு குளிர்ச்சி விழுந்ததை 1999இல் யசுதாவின் குழு கண்டது. லம்பீரிலோ குளிரைவிட வறட்சிதான் பொருந்துகிறது என்று 2006இல் சகாய் குழு வாதிட்டது. 2017இல் மெராந்தி மரங்களில் மரபணு இயக்கத்தை அளந்த யோ முதலியோர் குளிர்ச்சியும் வறட்சியும் சேர்ந்து வந்தால்தான் மணி அடிக்கிறது என்றார்கள். அதாவது 1988 விடை பாதி சரி, தனியாகப் போதாது. முப்பது ஆண்டுக் காலம் மூன்று நான்கு ஆய்வுக் கூடங்களுக்கு வேலை கொடுத்து, கடைசியில் பாதி சரி என்று நிற்கும் கருதுகோள் சூழலியலில் அரிது. இலைப்பேன் கட்டுரையைவிட இதற்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

இங்கே பாசோவின் இன்னொரு வகை உழைப்பையும் நினைத்துப் பார்க்கலாம். 1980களின் நடுவில் என். மனோகரன், கே. எம். கொச்சும்மன், ஜேம்ஸ் லாஃப்ராங்கி ஆகியோர் அங்கே ஐம்பது ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிப்புக்கு மேலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டார்கள். 800க்கும் மேற்பட்ட இனங்கள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். அந்தப் பட்டியலில் ‘ஏன்’ என்ற பெரிய கேள்வி ஒன்றும் கிடையாது. ஆனால் அது பழசாகாது. அப்பண்ணாவின் கருதுகோள்கள் பழசாகும், பழசாகிவிட்டன. ஒரு துறைக்கு இரண்டு வகை ஆட்களும் தேவை. கெப்போங்கில் ஒரே காலத்தில் இருவகையினரும் இருந்தது மலேசியத் தாவரச் சூழலியலுக்கு அடித்த யோகம்.

மூன்றாவது அடுக்கு, வனப்பராமரிப்பு. அப்பண்ணாவின் பூப்பு ஆய்வும் இதுவும் இரண்டு தனித்தனி வேலைகள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றின் பின்விளைவுதான் மற்றது. மெராந்தி விதை உறங்காது. விழுந்து சில நாளில் முளைக்கும், இல்லையென்றால் செத்துவிடும். பூப்பு எப்போதாவதுதான் வரும் என்றால், மரம் வெட்டும் நாளில் தரையில் கன்றுகள் இருக்கின்றனவா என்பதே அந்தக் காட்டின் தலையெழுத்து. 1948இல் வந்த மலாயா ஒருசீர் முறை இதைப் புரிந்துகொண்ட முறை: கன்று இருப்பதை உறுதிசெய்துவிட்டு வெட்டு, எழுபது ஆண்டு காத்திரு. அதைக் கொன்றது வனவியல் பிழையல்ல. தாழ்நிலக் காடே பால்மரத்துக்கும் செம்பனைக்கும் போய்விட்டது, லாயாங் லாயாங்கைச் சுற்றி இன்று நிற்கும் தோட்டங்கள் அந்த மாற்றத்தின் கண்கண்ட வடிவம். வெட்டு மலைக்காட்டுக்கு ஏறியபோது, 1978இல் தேர்வுமுறை வந்தது. டிப்டெரோகார்ப் என்றால் ஐம்பது சென்டிமீட்டர், மற்றவை நாற்பத்தைந்து சென்டிமீட்டர் தடிப்புக்கு மேலானவற்றை எடுத்துக்கொள், நடுத்தர மரங்களை விட்டுவை, 25 முதல் 30 ஆண்டில் திரும்பி வா.

இந்த முறை நிற்குமா என்று நேரடியாகவே கேட்டுத் தலைப்பு வைத்து, அப்பண்ணாவும் கே. வைன்லாண்டும் 1990இல் எழுதினார்கள். விட்டுவைத்த மரங்கள் எதிர்பார்த்த வேகத்தில் பருக்குமா, வெட்டும்போது அடிபடாமல் மிஞ்சுமா, புதுக்கன்று எங்கிருந்து வரும் என்று முறையின் அஸ்திவாரக் கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த கட்டுரை அது. அரசு நிறுவனத்துக்குள் இருந்துகொண்டே அரசின் நடைமுறையை இப்படிக் கேட்பதற்கு முதுகெலும்பு வேண்டும். அதற்கு முன் 1984இல் ஃபிரான்சிஸ் புட்ஸுடன் சேர்ந்து, வெட்டுக்கு முன்பே கொடிகளை அறுத்துவிட்டால் விழும் மரம் பக்கத்து மரங்களை இழுத்துக்கொண்டு விழுவது குறையுமா என்று பார்த்த ஆய்வு உண்டு. முன்கூட்டியே கொடி அறுப்பது இன்று சேதம் குறைந்த மரவெட்டு நெறிகளில் வழக்கமான ஒரு வரி. 1993இல் வைன்லாண்டோடு தரமான மர நடவு பற்றி எழுதிய நூல், 1998இல் ஜெனிஃபர் டர்ன்புல்லோடு தொகுத்த டிப்டெரோகார்ப் மதிப்பாய்வு நூல் இரண்டும் வன அதிகாரிகளின் மேசையில் கிடக்கும் வகை. சோதனைக்கூட ஆட்கள் இவற்றை மதிப்பதில்லை. அந்த அலட்சியத்தில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் செல்வாக்கு என்பதை விளைவால் அளந்தால் கணக்கு கசக்கிறது. தேர்வுமுறை 1990க்குப் பிறகும் தொடர்ந்தது. வெட்டுச் சுழற்சியின் நீளத்தை மெராந்தியின் பூப்பு முறையோடு ஒத்துப்பார்க்கும் வாதம் கட்டுரைகளில் தங்கிவிட்டது. காடும் அதன் வருமானமும் மாநில அரசுகளின் கையில் இருக்கும் நாட்டில், இதற்கு ஒரு விஞ்ஞானியைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் களத்தில் கேள்வி கேட்டுப் பழகியவர் பாங்காக்குக்குப் போய்க் கொள்கை ஆலோசனையில் இறங்கியபின், சொந்த வாதத்தைத் திரும்பிச் சோதிக்கும் வாய்ப்பையும் விட்டுக்கொடுத்தார் என்பது உண்மை. லம்பீர் வண்டுகள் பற்றிய கட்டுரை வந்தபோது பாசோவிலிருந்து அதே தரத்தில், அதே உயரத்துக்கு ஏறி எடுத்த பதில் வந்திருக்க வேண்டும். அது வந்திருந்தால், இலைப்பேன் கருதுகோள் இன்று அரைகுறை நினைவாகத் தொங்கிக்கொண்டிருக்காது.

ஒன்று மட்டும் அவருக்குச் சாதகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த இரவு என்ற 1988 துப்பு பாதியாவது சரி என்றால், சூடேறும் காலநிலையில் அத்தகைய இரவுகள் குறையும், மெராந்தி பூக்கும் வாய்ப்பும் குறையும். தீபகற்பத்துப் பூப்புத் தரவை வைத்து 2022இல் நுமாதா முதலியோர் செய்த கணிப்பும் இந்தத் திசையைத்தான் காட்டுகிறது. பூப்பு அரிதானால் கன்று அரிதாகும், கன்று அரிதானால் 25 ஆண்டுச் சுழற்சியின் கணக்கு மேலும் பொய்க்கும். அப்பண்ணாவின் இரண்டாவது அடுக்கும் மூன்றாவது அடுக்கும் சந்திக்கும் இடம் இது. பூச்சியின் பெயரை வைத்து அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பாடநூல் எழுதுகிறவர்கள் இலைப்பேன் பத்தியில் ‘பாசோவில், சிவப்பு மெராந்திகளில் சிலவற்றுக்கு’ என்ற எல்லையைச் சேர்த்துவிட்டு, மிச்சமாகும் இடத்தில் 1988, 1990 கட்டுரைகளுக்கு இரண்டு பத்தி ஒதுக்கட்டும்.